எதைச் சுடலாம் என்ற பட்டியல்

முதன்முறையாக வேட்டைக்குப் புறப்படுகிறவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி, எந்த மிருகத்தைச் சுடுவது என்பதுதான். துப்பாக்கியின் குழல் அளவு, தோட்டாவின் நிறை, வழிகாட்டியின் கூலி, போக வேண்டிய காடு, தங்க வேண்டிய நாட்கள் யாவும் அந்த ஒரு தீர்மானத்தைப் பொறுத்தவை. யானைக்கு வேண்டிய ஆயத்தம் வேறு, மானுக்கு வேண்டிய ஆயத்தம் வேறு. ஆகவே பட்டியல் ஒன்று முதலில் எழுதப்படுகிறது. காட்டில் முதல் வெடி தீருமுன்பே, வீட்டு மேசையின் மேல் வேட்டை தொடங்கிவிடுகிறது.

'சபாரி' என்ற சுவாகிலிச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். 'சபர்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது அது. பொதிசுமந்து நடந்த ஆபிரிக்க மக்களின் அந்த எளிய சொல்லை, செல்வந்தரின் வேட்டைப் பயணத்துக்குப் பெயராக்கியது ஏகாதிபத்தியம். 1909 ஆம் ஆண்டு பதவியை விட்டிறங்கிய அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தம் மகனோடு கிழக்காபிரிக்கா சென்றார். நூதனசாலைக்கு மாதிரிகள் சேகரிக்கும் பயணம் என்று அதற்குப் பெயர். தந்தையும் மகனுமாகச் சுட்டு வீழ்த்திய மிருகங்கள் 512. அந்தப் பயணத்தின் புகைப்படங்களைப் பார்த்தவர்கள், வேட்டைக்காரரின் பின்னே நீண்ட வரிசையாய்ச் சுமை தூக்கி நடந்த கறுப்பு மனிதர்களையும் பார்த்திருப்பார்கள். அவர்களுடைய பெயர்களை எவரும் கேட்டதில்லை.

இவ்விஷயத்தைப் பற்றி நான் எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஆபிரிக்கா அல்ல. கண்டிக்கு அப்பால், தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பாடசாலையில் வரலாறு கற்பிப்பவன் நான். பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவன் ஒருநாள் என்னிடம் கேட்ட கேள்வியே காரணம். அவன் வீட்டுக்கு அருகே ஓடைக்கரையில், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தையொன்று மாட்டி இறந்துபோயிற்று. சுருக்கை வைத்தவர் என்று அவனுடைய தந்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாட்கள் கழித்து வகுப்புக்கு வந்த பையன், பாடம் முடிந்ததும் எழுந்து நின்றான். "சேர், துரைமார் ஆயிரம் யானையைச் சுட்டதைப் புத்தகத்திலே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பா பன்றிக்குக் கம்பி வைத்தால் மட்டும் ஏன் குற்றம்?"

வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. ஒரு வரியில் விடைசொல்லி மணியடிக்கவிடும் கேள்வியல்ல அது. அன்று தொடங்கி நான் படித்தவற்றையும் கண்டவற்றையும் சேர்த்து, அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டிய விடையாகவே இதை எழுதுகிறேன்.

கண்டி இராச்சியத்தில் யானை அரசனின் உடைமை. மன்னனின் ஆணையின்றி அதைக் கொல்வது பெருங்குற்றம். யானை பிடிப்பதற்கென்றே தனிப் பிரிவினர் இருந்தனர். பிடித்த யானைகள் போருக்கும் விழாவுக்கும் வாணிபத்துக்கும் பயன்பட்டன. வன்னிக் காட்டு யானைகளை யாழ்ப்பாணத்துக்குக் கடத்திச் சென்ற வழிக்கு இன்றும் ஆனையிறவு என்றே பெயர். அந்த ஆட்சியைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. யானை பிடிக்கும் வேலைக்குக் குடிமக்கள் கூலியின்றி இழுக்கப்பட்டனர். மரண தண்டனை நிறைவேற்றவும் யானை பயன்பட்டதாக, பத்தொன்பது ஆண்டுகள் இங்கு சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். அரசன் யானையைக் காத்தது கருணையினால் அல்ல. அது செல்வம் என்பதனால். ஆயினும் பொழுதுபோக்குக்காக யானையைக் கொல்வது என்ற எண்ணம் அந்தச் சமுதாயத்துக்கு அந்நியமானது.

1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் மலைநாட்டின் மிருகங்களுக்குப் புதிய பட்டியல் எழுதப்பட்டுவிட்டது. அப்பட்டியலின் தலைப்பில் நின்றது யானை.

அந்நாளில் பதுளையில் அரசாங்க உதவி அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் சுட்ட யானைகள் 1400 க்கு மேல் என்று, 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனண்ட் பதிவு செய்திருக்கிறார். கெல்வே என்ற கப்டன் அதில் பாதிக்கு மேல். வீதிகளை அமைத்த ஸ்கின்னர் ஏறத்தாழ அவ்வளவு. இவர்கள் தனிப்பட்ட வெறியர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அரசாங்கமே யானையொன்றின் தலைக்குச் சில ஷில்லிங் என வெகுமதி அளித்தது. 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளும், 1851 க்கும் 1856 க்கும் இடையே தென் மாகாணத்தில் ஏறத்தாழ 2000 யானைகளும் கொல்லப்பட்டதாக அதே டெனண்ட் கணக்குத் தருகிறார். இலங்கை யானைகளில் கொம்புடையவை மிகச் சில. ஆகவே தந்தத்துக்காகச் சுட்டார்கள் என்ற வாணிப நியாயம்கூட இங்கு எடுபடாது. இறைச்சி உண்ணப்படவில்லை. உடல் கிடந்த இடத்திலேயே அழுகிற்று. எண்ணிக்கை ஒன்றே மிச்சம்.

மேஜர் ரொஜர்ஸ் 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். நுவரெலியாவில் அவருடைய கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறையின் மேலும் மீண்டும் இடி விழுந்ததாக மலைநாட்டில் ஒரு கதை உண்டு. அது மெய்யா பொய்யா என்பது முக்கியமல்ல. வழக்கு மன்றம் எதிலும் தீர்ப்புப் பெற முடியாத மக்கள், வானத்தை நீதிபதியாக வைத்துத் தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள் என்பதே முக்கியம்.

யானைக்கு அடுத்த இடம் எருமைக்கும் மரைக்கும். இதைத் தெளிவாக அறிய உதவுபவர் பிற்காலத்தில் நைல் நதி ஆராய்ச்சியால் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர். 1840 களின் நடுவில் வேட்டையை நாடியே இலங்கைக்கு வந்தவர் அவர். 1853 இல் அவர் வெளியிட்ட இலங்கை வேட்டை நூலையும், 1855 இல் வெளியிட்ட மற்றொன்றையும் மாணவப் பருவத்திலே பேராதனையில் படித்தேன். நல்ல எழுத்தாளர், அதை மறுப்பதற்கில்லை. காட்டின் விடியலையும் மலைச்சரிவின் பனியையும் கண்முன் நிறுத்துகிறார். அதனாலேயே அவரை விழிப்போடு படிக்க வேண்டியிருக்கிறது.

மின்னேரிக் குளக்கரையில் எருமைகளை வேட்டையாடிய ஓர் அனுபவத்தை அவர் வர்ணிக்கிறார். குண்டுகள் தீர்ந்துவிட்டன. காயமுற்ற எருமை எதிரே நிற்கிறது. சட்டைப் பையில் மூன்று ஷில்லிங் சில்லறை, ஆறு பென்ஸ் நாணயங்களாக இருக்கிறது. சட்டைத் துணியைக் கிழித்து அதில் நாணயங்களைப் பொதிந்து, துப்பாக்கிக் குழலுக்குள் திணித்து, பாய்ந்துவந்த எருமையின் நெற்றியில் வெடிக்கிறார். வாசகர் வியக்க வேண்டிய இடம் இது. நானும் வியந்தேன், எனது வியப்பு வேறு திசையில் சென்றது.

1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்தின்படி, நாட்டின் ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். அதாவது ஒரு நாள் உழைப்பின் விலை ஆறு பென்ஸ். பேக்கரின் துப்பாக்கியிலிருந்து அந்த ஒரு வெடியில் பாய்ந்தது ஓர் ஏழையின் ஆறு நாள் உழைப்பு. எருமையின் நெற்றியில் பாய்ந்த வெள்ளி நாணயங்கள், ஒரு குடியானவனை ஓராண்டு வீதிக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கப் போதுமானவை!

அதே 1848 இல், தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி வேறு சில வரிகளையும் விதித்தது. துப்பாக்கி வைத்திருப்பவன் ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் கட்ட வேண்டும். நாய் வளர்ப்பவன் ஒரு ஷில்லிங் கட்ட வேண்டும். துப்பாக்கியும் நாயும் கண்டிக் கிராமத்தானுக்கு அலங்காரப் பொருள்களா? வயலிலே பன்றி இறங்கினால் விரட்ட நாய் வேண்டும். சேனையிலே யானை புகுந்தால் வெடி தீர்க்கத் துப்பாக்கி வேண்டும். அவனுடைய சோற்றைக் காத்த இரண்டு காவலர்களுக்கும் வரி. அந்த ஜூலை மாதம் கண்டியிலும் மாத்தளையிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஆகஸ்ட் 8 ஆம் திகதி வீர புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் பிற்பகுதியில், நுவரெலியாவில் ஆங்கிலப் பண்ணையொன்றை நிறுவுவதற்காகப் பேக்கர் குடும்பத்தோடும் வேட்டை நாய்களோடும் மீண்டும் வந்து இறங்கினார். ஒரே மலை, ஒரே ஆண்டு. ஒருவன் நாய் வரியாம். இன்னொருவன் நாய் வீரமாம்.

இதை எழுதும்போது என் மூதாதையரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரித்து நிரூபிக்க முடியாத காடும் தரிசும் முடிக்கே சொந்தம் என்றது. அந்த நிலம் கோப்பித் தோட்டங்களாய் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தரும் படை அதிகாரிகளும் இருந்தனர். காட்டை வெட்டிச் சாய்க்கவும் கோப்பி பறிக்கவும் தமிழ்நாட்டு வறட்சிக் கிராமங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். கண்டிச் சீமைக்குப் போகிறோம் என்று புறப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை மாத்தளை வழியாக ஏறத்தாழ நூற்றைம்பது மைல் காட்டுப் பாதையிலே நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களைக் கொன்றன. 1840 களில் மாத்திரம் எழுபதாயிரம் பேர்வரை மாண்டிருக்கலாம் என்று 1849 இல் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. சுட்ட யானைகளின் எண்ணிக்கையை ஒவ்வொன்றாக எழுதிவைத்த காலம், அந்தப் பாதையிலே விழுந்த மனிதரை மதிப்பீட்டாலேதான் எண்ணிற்று. எவற்றை எண்ணுவது என்பதும் பட்டியல் எழுதுகிறவனின் அதிகாரமே.

காட்டை அழித்தவன் துப்பாக்கி மட்டுமல்ல, கோடரியும்தான். கோடரிக்குப் பின்னே முதல் இருந்தது. யானை நடமாடிய மலைச் சமவெளிகள் கோப்பியாகி, 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்த பின் தேயிலையாகின. ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு காலத்தில் யானைகள் திரிந்தன. இன்று அங்கே யானை இல்லை. எஞ்சியிருப்பது மரைக் கூட்டங்களே. வெள்ளையர் இந்த மரைக்கு 'எல்க்' என்று தம் நாட்டுப் பெயரைச் சூட்டி, நாய்களை ஏவித் துரத்தி, கத்தியால் குத்தினார்கள். வேட்டைக்காரரின் விடுதியாயிருந்த ஃபார் இன் கட்டடம் அச்சமவெளியில் இன்றும் நிற்கிறது. அதனருகே நின்று படமெடுக்கும் உல்லாசப் பிரயாணிகளுக்கு அதன் பழைய தொழில் தெரிவதில்லை.

அழிவு தன் உல்லாசத்தையே கெடுக்கும் நிலை வந்தபோது வேட்டைக்காரன் காவலனானான். 1872 இலும் 1891 இலும் வேட்டை மிருகங்களைக் காக்கச் சட்டங்கள் வந்தன. 1894 இல் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் கூடி, வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1900 இல் யால காப்பகமாயிற்று. அதை ஒட்டி ஒரு பகுதி, இந்நாட்டில் வசிக்கும் வேட்டை விளையாட்டாளருக்கென்று ஒதுக்கப்பட்டது. அனுமதிச் சீட்டு வாங்கிய கனவான்கள் அங்கே சுடலாம்! அக்காட்டின் ஓரத்திலே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து, சட்டிக்கு இறைச்சி தேடிய கிராமத்தான் இப்போது 'களவு வேட்டைக்காரன்' ஆனான். துப்பாக்கி ஒன்றே; மான் ஒன்றே. கையிலிருந்த சீட்டுத்தான் ஒருவனை விளையாட்டு வீரனாகவும் மற்றவனைக் கள்வனாகவும் ஆக்கிற்று.

இங்கே நம் நண்பர்கள் சிலர் அவசரப்படுவதுண்டு. பாதுகாப்பு என்பதே துரைமாரின் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவார்கள். அது தவறான முடிவு. வேட்டைச் சங்கத்தினர் தொடங்கிய முயற்சி, அவர்களுடைய வர்க்க நலனைத் தாண்டியும் பயன் தந்தது. 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1938 இல் யால தேசிய பூங்கா, 1949 இல் வனசீவராசிகள் திணைக்களம் என்று வளர்ந்த அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால், 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5879 யானைகளைக் கண்டிருக்க மாட்டோம். நல்ல காரியத்தைத் தவறான மனிதர் தொடங்கினார் என்பதற்காக அதை இழக்கத் தேவையில்லை. அதை மக்களுடையதாக ஆக்குவதே நம் வேலை.

ஒரே மிருகத்துக்கு எத்தனை முகங்கள் உண்டு என்பதைக் கண்டி நகரிலேயே காணலாம். தலதா மாளிகை வளவில் ராஜா என்ற கொம்பன் யானைக்கு ஒரு நூதனசாலை இருக்கிறது. ஏறாவூர்ப் பக்கத்துக் காட்டில் 1925 இல் பிடிக்கப்பட்டு, 1937 இல் மாளிகைக்கு வழங்கப்பட்டு, பல்லாண்டுகள் எசல பெரஹெராவில் புனிதப் பேழையைச் சுமந்த யானை அது. 1986 இல் தேசியச் செல்வமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1988 இல் இறந்தபோது நாடு துக்கம் அனுஷ்டித்தது. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது, பதப்படுத்தி நிறுத்திய அந்தப் பேருடலின் முன் எல்லா மதத்துப் பிள்ளைகளும் அமைதியாய் நின்றதைக் கண்டேன். அதே இனத்து யானைகள், 2023 ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கு மேல் இந்நாட்டிலே மாண்டன. சுடப்பட்டவை சில, மின்சாரக் கம்பியில் மாட்டியவை சில, பன்றிக்கு வைத்த வாய்வெடியைக் கடித்துத் தாடை சிதைந்து பட்டினியால் செத்தவை சில. அவ்வாண்டில் யானையால் மாண்ட மனிதர் நூற்றைம்பதுக்கு மேல். மாளிகையிலே தெய்வம், பழைய நூலிலே வெற்றிச் சின்னம், வயலிலே பகை. யானை மாறவில்லை, அதன் எதிரே நிற்கும் மனிதனின் நிலைமை மாறுகிறது.

இன்று பட்டியல் வேறு உருவத்தில் வருகிறது. கண்டியைச் சுற்றிய மலைகளில் யானை இல்லை. குரங்கு இருக்கிறது, காட்டுப்பன்றி இருக்கிறது, முள்ளம்பன்றியும் மர அணிலும் இருக்கின்றன. ஒரு காலத்தில் மன்னனின் நந்தவனக் காடாயிருந்து, 1938 இல் சரணாலயமாகிய உடவத்தகலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் நகரத்துக் கூரைகளில் நடமாடுகின்றன. குப்பைத் தொட்டியை நாம் திறந்து வைத்திருக்கிறோம், அவை உண்கின்றன. கிராமத்துத் தென்னையிலே குரும்பை தங்குவதில்லை. தோட்டத்து லயத்தின் பின்னே கைப்பிடி மண்ணில் போட்ட மரவள்ளியைப் பன்றி ஒரே இரவில் கிண்டிவிடுகிறது. நகரத்து வீட்டுத் திண்ணையிலிருந்து உயிர்களின் சமத்துவம் பேசுவது எளிது. நாள் முழுதும் கொழுந்து பறித்து, பொழுது சாய்ந்தபின் நட்ட பயிர் காலையிலே புரண்டு கிடப்பதைக் காணும் பெண்ணிடம் அந்தப் பேச்சுச் செல்லாது.

2023 ஏப்ரலில், ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்ற யோசனையொன்று வெளிவந்தது. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன, அது கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15 ஆம் திகதி, சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் எட்டு மணி ஐந்து நிமிடம்வரை, நாடெங்கும் மக்கள் தத்தம் வளவில் காணும் குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றை எண்ணிக் குறிக்கும்படி அரசாங்கம் கேட்டுக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் காட்டை எண்ணிவிட முடியுமா என்று பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயிரை இழப்பவனிடமே நேரில் கேட்பது என்ற எண்ணம், துரைமாரின் சங்கத்தைவிட ஒரு படி மேலானது. ஆனால் நான் அன்று காலையில் நின்ற லயத்திலே எவருக்கும் படிவம் வந்து சேர்ந்திருக்கவில்லை. "எங்களுக்கு ஏது வளவு?" என்று கேட்டாள் ஒரு மூதாட்டி. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அவளுடைய கூரைத் தகரத்தின் மேல் ஏழு குரங்குகள் இருந்தன. எண்ணினேன், எழுதிக்கொடுக்கத் தாள் இல்லை.

அந்தச் சொல் என்னை உலுக்கிற்று. வளவு இல்லாதவனுக்குச் சேதம் இல்லை. சேதம் இல்லாதவனுக்கு நட்டஈடு இல்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஒரு முறை பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட மக்கள் எங்கள் மலையக மக்கள். நாடற்றவர் என்ற நிலை நீங்கப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். ஏழு பேர்ச்சஸ் காணியும் ஒரு தனி வீடும் இன்றும் பலருக்குக் கனவு. தோட்டத்து நிலத்தில் ஒட்டியிருந்து பயிரிடுகிறவன், பன்றியை விரட்ட வேலி போடவும் உரிமையில்லாதவன். வேலிக்கு அனுமதி வேண்டும். காவலுக்கு நேரம் வேண்டும். துப்பாக்கிக்குச் சீட்டு வேண்டும். கம்பிக்கு ஒன்றும் வேண்டாம். பழைய தடைக்கம்பியைச் சுருக்காய் முடிந்து ஒற்றையடிப் பாதையிலே கட்டிவிட்டால் போதும். கம்பிச் சுருக்கு ஏழையின் துப்பாக்கி.

ஆனால் அந்தத் துப்பாக்கிக்குக் கண் இல்லை. பேக்கருக்காவது எதைச் சுடுகிறோம் என்று தெரியும். சுருக்குக்கு எதைப் பிடிக்கிறோம் என்று தெரியாது. பன்றிக்கு வைத்தது சிறுத்தையின் இடுப்பைப் பற்றுகிறது. திமிறத் திமிற இறுகுகிறது. உயிரோடு மீட்டாலும் உள்ளுறுப்புகள் சிதைந்து சில நாட்களில் இறக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் இவ்வாறு சிக்கிய கருஞ்சிறுத்தை, சிகிச்சை அளித்தும் பிழைக்கவில்லை. மலைநாட்டிலே தேயிலைச் செடிகளுக்கும் துண்டு துண்டான காட்டுக்கும் இடையே ஒதுங்கி வாழும் சிறுத்தையும் ஒருவகையில் நிலம் பறிக்கப்பட்ட உயிர்தான். பன்றியின் தொகையைக் கட்டுப்படுத்தும் இயற்கைக் காவலாளிகளில் ஒன்றும் அதுவே. அதைக் கொன்றால் நாளை மரவள்ளியைத் தின்னும் பன்றி பெருகும். ஆகவே சுருக்கு வைத்த ஏழை, தன் பயிரின் காவலாளியையே தூக்கிலிடுகிறான். இன்னொன்றும் உண்டு: அதே பாதையிலேதான் கொழுந்துக் கூடையோடு நம் பெண்கள் நடக்கிறார்கள். சுருக்கிலே மாட்டி வெறிகொண்டு நிற்கும் மிருகத்தின் முன்னே முதலில் போய் நிற்பவள் தொழிலாளிப் பெண்ணே.

ஆகவே என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இரண்டு பகுதிகள் கொண்டது. முதலாவது: உன் தந்தை செய்தது சரியல்ல. துரை செய்தது தண்டிக்கப்படாமல் போயிற்று என்பதால் இது சரியாகிவிடாது. அநீதியிலே சமபங்கு கேட்பது நம் கொள்கையல்ல. இரண்டாவது: உன் தந்தை தனித்து நின்று செய்த குற்றமும் அல்ல இது. அவர் கையில் கம்பியைக் கொடுத்தது நூற்றெண்பது ஆண்டு வரலாறு. காட்டை விற்றவர்கள், வெட்டுவித்தவர்கள், லாபம் கொண்டுபோனவர்கள் எவரும் அந்த வழக்கிலே கூண்டில் ஏறவில்லை. கடைசியாய் நின்றவர் மட்டும் ஏற்றப்பட்டார். பையன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்போ கம்பி இல்லாமல் பன்றியை என்ன செய்வது, சேர்?" என்றான். அதுதான் சரியான கேள்வி. முதற் கேள்வியைவிட அது வளர்ந்த கேள்வி.

அதற்கும் விடை இல்லாமலில்லை. பயிரிடுகிறவனுக்கு நிலத்தின் உரிமை கொடுக்க வேண்டும்; உரிமை உள்ளவனே வேலி போடுவான், அயலாரோடு சேர்ந்து காவல் முறை வைப்பான். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் பரண் அமைத்து, தட்டையும் கவணும் கொண்டு கிளியையும் பன்றியையும் யானையையும் விரட்டியவர்கள் நம் முன்னோர். விரட்டுவது வேறு, கொன்று ஒழிப்பது வேறு என்பதை அவர்கள் அறிவார்கள். சேதமடைந்த பயிருக்கு நட்டஈடு, காணி உறுதி உள்ளவனுக்கு மட்டுமன்றி உழைப்பவனுக்கும் கிடைக்க வேண்டும். துண்டான காடுகளை ஓடைக்கரை வழியே மீண்டும் மரம் நட்டு இணைக்கத் தோட்ட நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். நகரசபைகள் குப்பையை மூட வேண்டும். ஒரு மிருகத்தின் தொகையைக் குறைத்தே தீரவேண்டும் என்று அறிவியல் சொல்லுமானால், அதைத் திறந்த மன்றத்தில், பயிரை இழந்தவரும் காட்டை அறிந்தவரும் சேர்ந்து, காரணம் காட்டித் தீர்மானிக்க வேண்டும். தேர்தல் மேடையில் எழும் ஆத்திரமோ, பெட்டிகளில் அடைத்து ஏற்றுமதி செய்யும் வாணிபமோ அதைத் தீர்மானிக்கக் கூடாது.

இவற்றில் எதுவும் தனிமனிதனால் ஆவதல்ல. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் தம் கோரிக்கையாக்க வேண்டும். சம்பளத்துக்காகத் தெருவில் இறங்கும் சங்கம், சுருக்கில்லாத மலைக்காகவும் குரல் கொடுத்தால், அது தொழிலாளியின் உயிருக்காகக் கொடுத்த குரலே. சிங்களக் கிராமத்து விவசாயியின் வயலும் தமிழ்த் தொழிலாளியின் மரவள்ளியும் ஒரே பன்றியால்தான் அழிகின்றன. பன்றிக்கு இனபேதம் இல்லை. இரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதற்கு இதைவிட இயல்பான விஷயம் மலைநாட்டில் வேறில்லை. 1848 இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி போட்டபோது கண்டியிலும் மாத்தளையிலும் கூடிய மக்களின் நினைவு நமக்குத் துணைநிற்கட்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்திலே வேட்டைக்காரரின் எண்ணிக்கை வரும்போது, அதை வீரத்தின் அளவாக வாசித்துக் கடந்துவிடாதீர்கள். அந்த எண்ணிக்கையை எழுதியவன் யார், அவனுடைய சுமையைத் தூக்கியவன் யார், அவன் சுட்ட காடு இன்று எவர் பெயரில் இருக்கிறது என்று மாணவரைக் கேட்கச் செய்யுங்கள். எதைச் சுடலாம், எதைக் காக்கலாம், எவரை எண்ணலாம், எவரை விடலாம் என்ற பட்டியல்கள் இதுவரை மேலிருந்தே எழுதப்பட்டன. மலையிலே வாழ்கிறவர்கள் அந்த எழுதுகோலைத் தம் கையில் வாங்கும் நாளில், மனிதருக்கும் மிருகத்துக்கும் சேர்த்தே நீதி கிடைக்கும்.